ஆறு மீட்டர் தண்ணீரும் முப்பத்தெட்டு பைல்களும்

வீட்டு மாடித் தளத்தை வடிவமைக்கும்போது, ஆட்கள், கட்டில், பீரோ எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரு தண்ணீர்த் தொட்டியின் தரையிலோ, ஆறு மீட்டர் ஆழத் தண்ணீர் அதே ஒரு சதுர மீட்டரில் 6,000 கிலோ நிற்கிறது. முப்பது மடங்கு. வீட்டில் எல்லா அறையும் ஒரே நேரத்தில் நிரம்பி வழிவதில்லை என்பதால் அந்த 200 கிலோவில் கொஞ்சம் சலுகை ஒளிந்திருக்கிறது. தண்ணீரிடம் அந்தச் சலுகை கிடையாது. மூலைமுடுக்கு விடாமல், இரவு பகல் பார்க்காமல், முழு எடையோடு நிற்கும்.

மண் கெட்டியாக இருந்தால் இந்த எடை ஒரு தலைவலியே அல்ல. தண்ணீர் மேலிருந்து அழுத்துகிறது. மண் கீழிருந்து அதே அளவு ஏந்துகிறது. நடுவில் இருக்கும் கான்கிரீட், இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையே அகப்பட்ட காகிதம்போலச் சும்மா கிடக்கிறது. வளைய வேண்டிய தேவையே அதற்கு இல்லை. நல்ல மண்ணில் அமரும் தொட்டிகளின் தரை 150, 200 மில்லிமீட்டர் தடிமனில் முடிந்துவிடுவது அதனால்தான். ஒழுகாமல் இருந்தால் போதும், அதன் கடமை தீர்ந்தது.

சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய நிலத்திலோ, கொச்சியின் கடல் களிமண்ணிலோ இந்தக் கதை செல்லாது. இளகிய களிமண் எடையை வாங்கிக்கொள்ளும். உடனே ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில், தன்னுள் இருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்து வெளியே விட்டபடி அமுங்கும். மையத்தில் அதிகம், விளிம்பில் குறைவு. களிமண் படிவம் ஒரு பக்கம் தடித்திருந்தால் அந்தப் பக்கம் இன்னும் அதிகம். சில நேரம் அமுங்குவதோடு நிற்காமல் காலையே வாரிவிடும். கனடாவில் வினிபெக் நகருக்கு அருகே டிரான்ஸ்கோனாவில் புதிதாகக் கட்டிய தானியக் களஞ்சியம் ஒன்று, 1913 அக்டோபரில் முதன்முறையாகத் தானியம் நிரப்பிக்கொண்டிருந்தபோதே அடியிலிருந்த களிமண் விலகி, ஏறத்தாழ 27 பாகை சாய்ந்துபோய் நின்றது. கான்கிரீட் உருளைகள் பெரிய சேதமின்றித் தப்பின. பின்னர் பாறைவரை தூண்கள் இறக்கி அதை நிமிர்த்தினார்கள். கட்டடத்தில் குற்றமில்லை, மண்ணில்தான் குற்றம் என்பதற்கு மண்ணியல் வகுப்புகளில் இன்றும் காட்டப்படும் உதாரணம் அது.

அப்படிப்பட்ட இடத்தில் பைல் எனப்படும் நீண்ட கான்கிரீட் கால்களை இறக்கி, களிமண்ணைத் துளைத்துக் கீழே கெட்டியான மணலிலோ பாறையிலோ எடையைச் சேர்க்கிறோம். பைல் என்று முடிவெடுத்த நொடியில் தொட்டியின் தரை வேறு பொருளாகிவிடுகிறது. பல பேர் இதை மனத்தளவில் ஏற்றுக்கொள்வதில்லை. வரைபடத்தில் பார்த்தால் தரை மண்ணைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது, பாதி எடையாவது மண்ணுக்குப் போகாதா என்று கேட்பார்கள். போகாது, போகும் என்று எண்ணக் கூடாது. தரையை வார்ப்பதற்காகப் போட்ட நிரப்பு மண்ணும் அதன் எடையில் அடியிலிருக்கும் களிமண்ணும் காலப்போக்கில் இறங்கும். பைல் மேல் நிற்கும் ஸ்லாப், அதாவது கான்கிரீட் தரை, இறங்காது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். சில ஆண்டுகள் கழித்து அந்த ஸ்லாபுக்கு அடியில் கையை நுழைக்கலாம் என்ற நிலை வந்தாலும் வியப்பில்லை. அதோடு முடிவதில்லை: இறங்கும் களிமண் பைலின் பக்கவாட்டைப் பிடித்துக் கீழே இழுக்கும். தாங்க வேண்டிய மண்ணே சுமையாகத் தொங்கும். தாழ்வான நிலத்தை இரண்டு மீட்டர் மண் கொட்டி உயர்த்தி, அடுத்த மாதமே பைல் போடும் இடங்களில் இந்த இழுவையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பைலின் தாங்குதிறனில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும்.

ஆக, பைல் மேல் நிற்கும் தொட்டித் தரை என்பது தண்ணீரைச் சுமக்கும் ஒரு மாடித் தளம். கீழே மண் இருப்பதுபோலத் தெரிவது சென்ட்ரிங் செலவை மிச்சப்படுத்தும் வசதி, அவ்வளவே.

வட்டம் சுவருக்கு வரம், தரைக்கு வம்பு

தொட்டி ஏன் வட்டமாக இருக்கிறது? சுவருக்காக. தண்ணீர் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வெளியே தள்ளுகிறது. வட்டச் சுவர் அந்தத் தள்ளலைத் தன் சுற்றளவு நெடுகிலும் இழுவிசையாக மாற்றிவிடுகிறது. பீப்பாயைச் சுற்றிய இரும்புப் பட்டைபோல. சதுரத் தொட்டியின் சுவர் பலகையாக வளைந்து போராட வேண்டியதை வட்டத் தொட்டியின் சுவர் வளையமாக இழுபட்டுச் சமாளிக்கிறது. அதனால் சுவர் மெலிதாகிறது, கம்பி மிச்சமாகிறது.

தரைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தண்ணீர் தரையைச் செங்குத்தாக அழுத்துகிறது. அந்த எடை அங்கங்கே புள்ளியாக நிற்கும் பைல்களுக்குப் போய்ச் சேர வேண்டும். புள்ளிகளுக்கு வட்டமும் தெரியாது, சதுரமும் தெரியாது. பாடநூலில் இருக்கும் வட்ட ஸ்லாப் சூத்திரங்கள், விளிம்பில் மட்டும் தாங்கப்பட்ட ஸ்லாபுக்கு எழுதப்பட்டவை. அவற்றை எடுத்து இங்கே போடுவது தவறு. இதன் உண்மையான உறவினர், பீம் இல்லாமல் தூண்கள் மேல் நேரடியாக அமரும் தட்டைத் தளம். 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டர்னர், சுவிட்சர்லாந்தில் மையார் என்ற இரு பொறியாளர்கள் தனித்தனியே உருவாக்கிய அதே தளம். காளான் தலை வைத்த தூண்களைப் பழைய கிடங்குகளில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிடங்கின் மேல்தளத்தில் ஆறு மீட்டருக்குத் தண்ணீர் கட்டினால் நம் தொட்டி.

ஒரு உதாரணத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 20 மீட்டர், தண்ணீர் ஆழம் 6 மீட்டர். சுவர் 300 மி.மீ., தரை ஸ்லாப் 500 மி.மீ., ஸ்லாபின் வெளிவிட்டம் 21.6 மீட்டர். கொள்ளளவு கிட்டத்தட்ட 18.85 லட்சம் லிட்டர், அதாவது 1,885 டன் தண்ணீர். ஸ்லாபின் எடை 458 டன். சுவரும் மேலே மெல்லிய குவிமாடக் கூரையும் சேர்ந்து 415 டன் என்று வைப்போம். மொத்தம் 2,758 டன். மண் ஆய்வின்படி 600 மி.மீ. பைல் ஒன்று 80 டன் தாங்கும் என்று கொள்வோம்.

2,758-ஐ 80-ஆல் வகுத்தால் 34.5. அதாவது குறைந்தது 35 பைல். நம் கை தானாக எங்கே போகும்? நடுவில் ஒன்று, அதைச் சுற்றி 6, அடுத்து 12, அதற்கு அடுத்து 18. மொத்தம் 37. கண்ணுக்கு அழகு, தேன்கூட்டுக் கணக்கு, சராசரி 74.5 டன். இரண்டு பைல் அதிகப்படியாகவும் இருக்கிறது. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும்.

இப்போது ஒவ்வொரு வளையமும் உண்மையில் எவ்வளவு பரப்பைச் சுமக்கிறது என்று பாருங்கள். வளையங்களின் ஆரம் 3.3, 6.6, 10 மீட்டர். தரையின் மீது தண்ணீரும் சொந்த எடையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 7.25 டன். அடுத்தடுத்த வளையங்களுக்கு நடுக்கோடு போட்டுப் பரப்பைப் பிரித்தால், நடுப் பைலுக்கு 62 டன். முதல் வளையத்தின் ஆறு பைல்களுக்குத் தலா 83. இரண்டாம் வளையத்துப் பன்னிரண்டுக்குத் தலா 84. வெளிவளையத்துப் பதினெட்டுக்கு, சுவரின் எடையையும் சேர்த்தும்கூட, தலா 66 மட்டுமே. சராசரி சரி, பதினெட்டுப் பைல்கள் வரம்பைத் தாண்டிவிட்டன, மற்றொரு பதினெட்டு சும்மா பங்கு வாங்கிக்கொண்டு நிற்கின்றன.

அதே ஆரங்களில் 1, 7, 14, 16 என்று மாற்றினால் மொத்தம் 38. தலா 62, 71, 72, 74 டன். ஒரே ஒரு பைல் கூடியது, எல்லாம் வரம்புக்குள் வந்துவிட்டன. பைல்களை எத்தனை என்பதைவிட எங்கே என்பதுதான் இந்த வடிவமைப்பின் பாதி வேலை. மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இதைச் செய்து பார்க்காதவர்களின் மாதிரியை நான் நம்புவதில்லை.

இந்தப் பரப்புப் பிரிப்பும் முழு உண்மை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பைல் என்பது இரும்புத் தூண்போல அசையாத தாங்கி அல்ல. 80 டன் வைத்தால் சில மில்லிமீட்டர் இறங்கும் சுருள்வில். கூட்டமாக நிற்கும் பைல்களில் ஒன்றின் கீழுள்ள மண்ணை மற்றொன்றும் அழுத்துவதால், நடுவில் இருப்பவை சற்று அதிகமாக இறங்கும். ஸ்லாப் விறைப்பானது, நடுப்பகுதி இறங்கினால் அந்த எடையை வெளிப்பக்கம் தள்ளிவிடும். அப்போது 74 டன் என்று நாம் வசதியாக எழுதிய வெளிவளையம் மேலே ஏறும். பாறையில் கால் ஊன்றிய பைல் என்றால் இந்த விளைவு சிறிது; பக்கவாட்டு உராய்வை நம்பி நிற்கும் பைல் என்றால் பெரிது. சுருள்வில்லின் வலுவுக்கு ஒரே ஒரு எண்ணைப் போட்டு, வந்த விடையைப் பிரிண்ட் எடுப்பது ஆபத்து. அந்த எண்ணைப் பாதியாக்கி ஒருமுறை, இரட்டிப்பாக்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் எந்தப் பைல் எந்த நிலையில் திணறுகிறது என்பது தெரியும்.

ஒரு பைல் சரியாக அமையவில்லை என்றால் என்ன ஆகும் என்பதும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. துளையிட்டு வார்க்கும் பைலில் அடியில் சேறு தங்கிவிடலாம், நடுவில் களிமண் பிதுங்கிக் கழுத்து சுருங்கிவிடலாம். கட்டடத்தில் ஒரு தூணுக்கு நான்கு பைல் இருக்கும், ஒன்று சோம்பினால் மூன்று பார்த்துக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு பைலும் தனி ஆள். இரண்டாம் வளையத்தில் ஒன்று முழுக்க ஒத்துழைக்க மறுத்தால், அதன் 72 டன்னும் சுற்றியுள்ள ஆறு பைல்களுக்குத் தலா 12 டன்னாகப் போய்ச் சேரும். அவை 84, 86 என்று வரம்பைக் கொஞ்சம் தாண்டும். பாதுகாப்புக் காரணி இருப்பதால் தொட்டி விழாது. ஆனால் அந்த இடத்தில் ஸ்லாபின் தாவு தூரம் 3 மீட்டரிலிருந்து 6 மீட்டராகி, விரிசல் விட்டு ஒழுக ஆரம்பிக்கும். தண்ணீர்த் தொட்டியில் விழாமல் இருப்பது தேர்ச்சி மதிப்பெண்கூட இல்லை.

தடிமனை எது முடிவு செய்கிறது

பென்சிலை நிமிர்த்தி வைத்து அதன் மேல் அட்டையை அழுத்தினால் அட்டை வளைவதற்கு முன்பே ஓட்டை விழும். பைல் தலை ஸ்லாபை அப்படிக் குத்திக்கொண்டு மேலே வரப் பார்க்கும். பொறியாளர்கள் இதைப் பஞ்சிங் என்பார்கள். பைலின் விளிம்பிலிருந்து, ஸ்லாபின் பயனுறு ஆழத்தில் பாதி தூரம் தள்ளி ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தின் சுற்றளவில் வரும் வெட்டுத் தகைவை, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் வெட்டு விசையை, பார்ப்பது கான்கிரீட்டுக்கான இந்திய விதியான ஐ.எஸ். 456 சொல்லும் முறை. எம் 30 என்ற தரத்துக் கான்கிரீட்டுக்கு வரம்பு சதுர மில்லிமீட்டருக்கு 1.37 நியூட்டன்.

நம் தரையை 300 மி.மீ. தடிமனில் போட்டிருந்தால், கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட் உறை) கம்பியும் போகப் பயனுறு ஆழம் 230 மி.மீ. சொந்த எடை குறைந்ததையும் கழித்துக்கொண்டு, ஒன்றரை மடங்குச் சுமைக்குக் கணக்கிட்டால் தகைவு 1.7-ஐத் தாண்டுகிறது. தோல்வி. 400 மி.மீ. போட்டால் 1.1, தேறிவிடும். 500-க்கு 0.8, தாராளம்.

பிறகு ஏன் 400-இல் நிற்கவில்லை? விரிசல்தான் காரணம். தூண்களின் மேல் நிற்கும் தளத்துக்குப் போடும் வழக்கமான கணக்கின்படி, பைல் தலைக்கு மேலே ஸ்லாபில் மீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ ஆறரை டன்-மீட்டர் மொமென்ட், அதாவது வளைக்கும் திருப்புவிசை, வருகிறது. ஸ்லாபின் மேல்முகம், அதாவது தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் முகம், இழுபடுகிறது. நீர்த்தேக்கக் கட்டமைப்புகளுக்கான ஐ.எஸ். 3370-இன் 2009 பதிப்பு, விரிசல் விடாத கான்கிரீட் என்று வடிவமைத்தால் எம் 30-க்கு வளைவில் அனுமதித்த இழுவிசைத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 2.0 நியூட்டன். 400 மி.மீ. ஸ்லாபில் இது 2.3 ஆகிறது, 500-இல் 1.55. விரிசலை அனுமதித்து அதன் அகலத்தை 0.2 மி.மீ.க்குள் கட்டுப்படுத்தும் வழியையும் அதே பதிப்பு தந்தது. ஆனால் வளைவினால் மேலே வாய் திறக்கும் விரிசல், தண்ணீர் நிற்கும் பக்கமே வாய் திறக்கிறது. தண்ணீர் கம்பிவரை போய்விடும், அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளுக்கு வழி இல்லை. கூடுதல் 100 மி.மீ. என்பது 37 கன மீட்டர் கான்கிரீட். இந்தத் தொட்டியின் ஆயுளுக்கு அது அநியாய விலை என்று எனக்குத் தோன்றவில்லை.

சுவரும் தரையும் சந்திக்கும் இடம்

இந்த வடிவமைப்பின் கஷ்டமான இடம் இது. கவனமாக வேலை செய்பவர்கள்கூட இங்கே ஏமாறுவார்கள்.

சுவரைத் தரையோடு ஒன்றாக வார்த்தால், அடியில் அது தன் இஷ்டத்துக்கு விரிய முடியாது, தரை பிடித்துக்கொள்கிறது. ஐ.எஸ். 3370-இன் நான்காம் பகுதி இதற்கு அட்டவணைகள் தருகிறது. உயரத்தின் வர்க்கத்தை விட்டம், தடிமன் இரண்டின் பெருக்கலால் வகுக்கச் சொல்கிறது: 36-ஐ 20 பெருக்கல் 0.3-ஆல் வகுத்தால் 6. அடி முழுக்க இறுகப் பிடிக்கப்பட்டது என்ற நிலையில் 6-க்கு நேராகப் பார்த்தால், சுவரின் வளைய இழுவிசை அடியில் அல்ல, மேலிருந்து 3.6 மீட்டர் கீழே உச்சம் அடைகிறது: ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 31 டன். சுவரடியில் மீட்டருக்குச் சுமார் 4 டன்-மீட்டர் மொமென்ட். அதோடு, சுவரடி தரையை வெளிப்பக்கமாக மீட்டருக்கு 7 டன் வீதம் இழுக்கிறது. எடை தாங்குவதற்காக என்று நினைத்த தரை, சுற்றிலும் ஆட்கள் நின்று இழுக்கும் ஜமுக்காளம்போல இழுபடுகிறது. 500 மி.மீ. ஸ்லாபில் அது 0.14 நியூட்டன் தகைவுதான். சிறிதுதான், ஆனால் மேலே சொன்ன 1.55-உடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏமாற்றம் எங்கே என்றால், அட்டவணை சொல்லும் ‘இறுகப் பிடித்த அடி’ என்பது அசையாத பாறை. நம் தரை பாறை அல்ல. வெளிவளையப் பைலுக்கும் அதற்கு உள்ளே இருக்கும் வளையத்துக்கும் இடையே 3.4 மீட்டர் தாவுகிறது, அதன் மேல் சதுர மீட்டருக்கு 7.25 டன் இருக்கிறது. அந்தத் தாவு கீழே தொய்யும்போது ஸ்லாபின் விளிம்பு உள்பக்கமாகத் திரும்புகிறது. சுவரோ தண்ணீரால் வெளியே தள்ளப்படுகிறது. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. மூலை வாய் பிளக்கப் பார்க்கிறது, சுவரடி மொமென்ட் அட்டவணை சொன்ன நான்கைத் தாண்டி ஐந்தை நோக்கிப் போகிறது. ‘முழுப் பிடிப்பு என்பதே மோசமான நிலை, அதற்குப் போட்டுவிட்டால் பாதுகாப்பு’ என்ற பழக்கமான எண்ணம் இங்கே தவறாகிறது. சுவரையும் தரையையும் பைலையும் ஒரே மாதிரியில் வைத்துப் பார்ப்பது இந்த மூலைக்காகத்தான்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. வெளிவளையப் பைல்கள் 3.9 மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. அவற்றின் மேல் நிற்கும் சுவர் ஆறு மீட்டர் உயரமுள்ள பீம் ஆகிவிடுகிறது. அவ்வளவு ஆழமான பீம் அந்தத் தாவுக்கு அசைந்துகூடக் கொடுக்காது. அதனால் சுவருக்கு அடியில் ஸ்லாப் சுற்றளவு வாக்கில் வளைவது குறைவு. ஸ்லாபைச் சுவருக்கு வெளியே அரை மீட்டராவது நீட்டி வைப்பதும் உதவும்: கம்பிகளுக்கு நங்கூரம் கிடைக்கும், வெளிப்பைலைச் சுற்றிய பஞ்சிங் வட்டம் விளிம்பில் அறுபடாமல் முழுமையாகும்.

கம்பி கட்டும் முறையிலும் வட்டம் நம்மை ஏமாற்றும். வட்டத் தரை என்றதும் ஆரக் கம்பியும் வளையக் கம்பியும் போடத் தோன்றும். ஆரக் கம்பிகள் மையத்தை நெருங்க நெருங்க முட்டிமோதி, கடைசியில் ஜல்லி நுழைய இடமிருக்காது. விளிம்பிலோ இடைவெளி அகன்றுபோகும். பைல்களுக்கு மேல் நிற்கும் தரையில் மொமென்ட் ஒவ்வொரு பைலைச் சுற்றியும் உச்சம் பெறுகிறது, மையத்தைச் சுற்றி அல்ல. ஆகவே மேலும் கீழும் சாதாரணக் குறுக்கு நெடுக்கு வலையே போதும், அதுவே நல்லது. இந்த உதாரணத்தில் மேல்முகத்துக்கு 16 மி.மீ. கம்பி 150 மி.மீ. இடைவெளியில் வரும். விளிம்பில் மட்டும், சுவரடி மொமென்டை வாங்க ஆர வாக்கில் யு வடிவக் கம்பிகளும் சுற்றிலும் வளையக் கம்பிகளும் கூடுதலாக. வலை, ஆரம், வளையம், சுவருக்காகத் தரையிலிருந்து எழும் ஸ்டார்ட்டர் கம்பி, பைலிலிருந்து வரும் கம்பி ஐந்தும் ஒரே இடத்தில் சந்திக்கும் அந்த விளிம்பை முழு அளவில் ஒருமுறை வரைந்து பார்க்காமல் தளத்துக்கு அனுப்பினால், முடிவைக் கம்பி கட்டுபவர்தான் எடுப்பார். அவர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் எதையாவது வளைத்து ஒதுக்குவதாக இருக்கும்.

சுருங்க விடாத கால்கள்

மண்ணில் அமரும் தரைக்கு அடியில் பாலிதீன் விரிப்பது, கான்கிரீட் சுருங்கும்போது வழுக்கி நகர வழிவிடுவதற்காக. பைல் மேல் நிற்கும் தரைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பைல் கம்பிகள் ஸ்லாபுக்குள் நுழைந்து நங்கூரமிட்டிருக்கின்றன. பைல் தலையும் 50 மி.மீ. உள்ளே புகுந்து நிற்கிறது. முப்பத்தெட்டு ஆணி அடித்த பலகை.

புதுக் கான்கிரீட் சூடேறிப் பிறகு 25 பாகை குளிர்ந்தால், பத்து மீட்டர் ஆரத்தில் விளிம்பு இரண்டரை மில்லிமீட்டர் உள்ளே வர வேண்டும். உலர்ந்து சுருங்குவது அதன் பிறகு தனி. வெளிப்பைல்கள் தலையைச் சாய்த்து அதற்கு இடம்கொடுத்தால் நல்லது. சுற்றிலும் இளகிய களிமண் இருந்தால் சாய்ந்துகொடுக்கும். இத்தனை நேரம் நாம் திட்டிக்கொண்டிருந்த களிமண் செய்யும் ஒரே உபகாரம் இது. மேல்மண் கெட்டியாக இருந்தால் கொடுக்காது, ஸ்லாப் விரிசல் விடும். அதற்காகத்தான் குறைந்தபட்சக் கம்பி: ஐ.எஸ். 3370-இன் 2009 பதிப்பின்படி ஒவ்வொரு முகத்தையும் ஒட்டிய 250 மி.மீ. பகுதியில் 0.35 சதவீதம், அதாவது மீட்டருக்கு 875 சதுர மி.மீ. நடுவில் விரிவு இணைப்பு விடுவதை நான் தவிர்ப்பேன். பைல் மேல் நிற்கும் தரையில் இணைப்பு என்பது எடையைக் கடத்தாத வெட்டு. அதை அடைக்கும் ரப்பர் பட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒழுகும் முதல் இடம் அதுதான்.

இணைப்பு இல்லாமல் வார்ப்பது என்றால் ஒரே மூச்சில் 183 கன மீட்டர். ஆறு கன மீட்டர் லாரி முப்பத்தொன்று. வெயில் தாழ்ந்த பிறகு தொடங்குவது உசிதம். அதற்கு முந்தைய சில நாட்களில் நடக்கும் பைல் தலை உடைப்புதான் கண்கொண்டு பார்க்க வேண்டிய கட்டம். துளைக்குள் குழாய் வழியாக அடியிலிருந்து வார்த்த கான்கிரீட்டில், சேறு கலந்து மேலே வந்து நிற்கும் பகுதி நம்பத்தகாதது. அதனால் பைல் முடிய வேண்டிய கட்-ஆஃப் மட்டத்துக்கு மேலேயும் வார்த்து, பிறகு அந்தத் தலையை உடைத்து எடுப்பார்கள். உடைக்க உடைக்கச் சுத்தியலின் சத்தம் மாறும். தட்டினால் ‘பொத்’ என்று மந்தமாக ஒலித்த இடம், நல்ல கான்கிரீட்டை எட்டியதும் ‘கணீர்’ என்று ஒலிக்கும். சில பைலில் அந்தக் கணீர் ஒலி கட்-ஆஃப் மட்டத்துக்கு அரை மீட்டர் கீழேதான் வரும். அப்போது அங்கேவரை உடைத்து, பைலை மேலே கட்டிக்கொண்டு வர வேண்டும். அவசரத்தில் அந்தப் பள்ளத்தைப் பி.சி.சி. (கம்பியில்லாத வெறும் கான்கிரீட்) போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது, தொட்டியில் தண்ணீர் ஏறும் நாள்வரை.

வார்த்த மறுநாள் சுற்றிலும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிடலாம். க்யூரிங்குக்குத் தொட்டித் தரையைவிட வசதியான பரப்பு வேறு கிடையாது.

நிலநடுக்கம் பற்றிச் சுருக்கமாக

தொட்டி குலுங்கும்போது தண்ணீரில் ஒரு பகுதி சுவரோடு சேர்ந்து ஆடுகிறது, மீதியில் பெரும்பங்கு மேலே அலையடிக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் ஹவுஸ்னர் 1963-இல் எளிமையாக்கித் தந்த இந்தப் பிரிவினையைத்தான் இந்திய நிலநடுக்க விதியான ஐ.எஸ். 1893-இன் இரண்டாம் பகுதியும் பின்பற்றுகிறது. நம் தொட்டியில் சுவரோடு ஆடும் பங்கு 34 சதவீதம், அலையடிக்கும் பங்கு 61. பைல் வடிவமைப்பவர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. சுவரை வடிவமைக்கும்போது அந்த 34 சதவீதத்தின் விசை 2.25 மீட்டர் உயரத்தில் செயல்படுவதாக எடுக்கிறோம். தரைக்கு அடியில் கவிழ்ப்பு மொமென்டைக் கணக்கிடும்போது அதே விசையை 8 மீட்டர் உயரத்தில் வைக்கச் சொல்கிறது விதி. தண்ணீரே 6 மீட்டர்தான் இருக்கிறது, 8 மீட்டரில் என்ன இருக்கிறது? அங்கே எதுவும் இல்லை. ஆட்டத்தின்போது தரையின் ஒரு பாதியில் நீரழுத்தம் கூடி மறு பாதியில் குறைகிறது. அந்த ஏற்றத்தாழ்வு உண்டாக்கும் மொமென்டையும் சேர்த்துச் சொல்ல வசதியாக வைத்த கற்பனை உயரம் அது. தட்டையான, அகன்ற தொட்டிகளில் இந்த வேறுபாடு இப்படி மூன்றரை மடங்கைத் தொடும். 2.25-ஐயே பைலுக்கும் போட்டுவிடுபவர்கள் வெளிவளையப் பைல்களின் சுமையைப் பெரிதும் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

முதல் நிரப்பு

ஒற்றைப் பைலைச் சோதிக்க அதன் மேல் பாரம் ஏற்றிப் பார்க்கிறோம். முப்பத்தெட்டையும் ஒருசேரச் சோதிக்கும் வாய்ப்பு, தொட்டியை முதன்முதலில் நிரப்பும் நாள்தான். சுவரைச் சுற்றி எட்டு இடத்தில் மட்டக் குறி அடித்து, ஒன்றரை மீட்டர் ஏறியதும் ஒருமுறை, மூன்று, நாலரை, ஆறு என்று நிறுத்தி நிறுத்தி மட்டம் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். எட்டுக் குறியும் ஒரே சீராகத் தலா எட்டு மில்லிமீட்டர் இறங்கினால் கவலையில்லை. ஏழு குறி நான்கு இறங்கி, ஒன்று மட்டும் ஒன்பது இறங்கினால் நிரப்புவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்துப் பைல் பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.

நிரப்பிய பின் கான்கிரீட் ஊறுவதற்கு ஏழு நாள் விட்டு, அடுத்த ஏழு நாள் நீர்மட்டத்தைக் கவனிப்பது வழக்கம். அதன் பிறகு தொட்டியைக் காலி செய்து, தரை காயும் நேரத்தில் உள்ளே இறங்கிப் பார்ப்பது விதியில் எழுதாத நல்ல பழக்கம். மற்ற இடமெல்லாம் வெளுத்துக் காய்ந்துகொண்டு வரும்போது, மயிரிழை விரிசல்கள் மட்டும் ஈரத்தை விடாமல் கறுப்புக் கோடாகத் தெரியும். அரை மணி நேரம்தான், பிறகு அவையும் காய்ந்து மறைந்துவிடும். சாக்பீஸை எடுத்துக்கொண்டு நேராகப் போக வேண்டிய இடங்கள் இரண்டு: பைல் தலைகளுக்கு நேர் மேலே ஒன்று, சுவரடியிலிருந்து முதல் ஒரு மீட்டர் மற்றொன்று.